பாதியில் நின்ற உபுண்டு மேம்பாடு

கேள்வி: என் மடிக்கணினியை உபுண்டு இயங்குதளத்தின் 22.04 பதிப்பிலிருந்து 24.04-க்கு மேம்படுத்திக்கொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. பேட்டரி பழையது என்பதால் கணினியும் அணைந்துவிட்டது. இப்போது இயக்கினால் கறுப்புத் திரையே வருகிறது. வட்டை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவச் சொல்கிறார் நண்பர். ஆய்வேட்டுக் கோப்புகள் உள்ளேயே இருக்கின்றன. வேறு வழி உண்டா? – வாசகி

பதில்: உண்டு. வட்டை அழிக்க வேண்டாம். மேம்பாடு மாற்றுவது இயங்குதளத்தின் பொதிகளை, அதாவது நிறுவுவதற்காகக் கட்டிவைத்த மென்பொருள் தொகுப்புகளைத்தான். உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் அடைவில் அது கைவைப்பதில்லை. ஆயினும் பழுதுபார்க்கத் தொடங்குமுன், உபுண்டுவை யுஎஸ்பி பென்டிரைவிலிருந்து நிறுவாமலேயே இயக்கி, ஆய்வேட்டை வேறோர் இடத்தில் நகலெடுத்துக்கொள்ளுங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உபுண்டுவில் பொதிகளை நிறுவும் டிபிகேஜி என்னும் கருவி, ஒவ்வொரு பொதியையும் முதலில் பிரித்து வைக்கிறது. பிறகுதான் அதை அமைவாக்குகிறது, அதாவது இயங்கத் தயார்செய்கிறது. எந்தப் பொதி எந்த நிலையில் இருக்கிறது என்பதை அவ்வப்போதே ஒரு பதிவுக் கோப்பில் எழுதிவிடுகிறது. ஆகவே மின்சாரம் போன கணத்தில் வேலை எங்கே நின்றது என்பது அதற்குத் தெரியும். விட்ட இடத்திலிருந்து தொடரச் சொல்வதே நம் வேலை.

கணினியை இயக்கியவுடன் எஸ்கேப் விசையை, பழைய பயாஸ் கணினியானால் ஷிஃப்ட் விசையை அழுத்தினால், எதைத் தொடங்குவது என்று கேட்கும் கிரப் பட்டி தோன்றும். அதில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' பகுதிக்குள் சென்று, இயங்குதளத்தின் கருவான கெர்னலில் புதியதை விடுத்து, முன்பு ஒழுங்காக இயங்கிய பழைய கெர்னலின் 'ரெகவரி மோட்' வரியைத் தேர்ந்தெடுங்கள். புதிய கெர்னலுக்கு வேண்டிய தொடக்கக் கோப்பு முழுமையாக உருவாகாமல் போயிருந்தாலும் கறுப்புத் திரை வரும் என்பதால்தான் பழையதைச் சொல்கிறேன். அங்கே முழு அதிகாரத்துடன் கட்டளையிட உதவும் 'ரூட்' முனையத்தைத் திறந்து, கீழ்க்காணும் கட்டளைகளை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் இடுங்கள். வட்டில் எழுத இசைவு தருவதற்கு 'மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /' (mount -o remount,rw /). அடுத்து 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' (dpkg --configure -a). அது பிழையோடு நின்றால் 'ஏபிடி --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' (apt --fix-broken install) இட்டு, மீண்டும் முந்தைய கட்டளையை இடுங்கள். பிழையின்றி முடியும்வரை இரண்டையும் மாற்றி மாற்றி இடலாம். இடையில் 'டிஎஃப் -எச்' (df -h) இட்டு வட்டில் இடமிருக்கிறதா என்று பாருங்கள். கெர்னல்கள் இருக்கும் பூட் பகுதி நிரம்பியிருந்தால் எத்தனை முறை முயன்றாலும் பயனிராது.

மீதமுள்ள பொதிகளுக்கு இணைய இணைப்பு வேண்டும். பொதிகள் எங்கிருந்து வர வேண்டும் என்று சொல்லும் களஞ்சியப் பட்டியலில் 24.04-இன் பெயரான 'நோபிள்' (noble) இருப்பதை உறுதிசெய்துகொண்டு, 'ஏபிடி அப்டேட்' (apt update), 'ஏபிடி ஃபுல்-அப்கிரேட்' (apt full-upgrade) இரண்டையும் இடுங்கள். இறுதியாக 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு -கே ஆல்' (update-initramfs -u -k all), 'அப்டேட்-கிரப்' (update-grub) ஆகியவற்றை இட்டு மறுதொடக்கம் செய்யுங்கள்.

இரண்டு நிரல்கள் ஒரே நேரத்தில் பொதிகளைக் கையாளாமல் தடுக்கப் பயன்படும் பூட்டுக் கோப்பை அழித்துவிடச் சொல்லும் அறிவுரையைப் பலரிடம் கேட்பீர்கள், அதைப் பின்பற்றாதீர்கள். அந்தக் கோப்பு எப்போதும் அங்கேயே இருப்பது. உண்மையான பூட்டு, இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் கையில் இருக்கிறது. கணினி அணைந்தபோதே அது விலகிவிட்டது. மறுதொடக்கத்துக்குப் பிறகும் பூட்டு இருப்பதாகச் செய்தி வந்தால், வேறொரு நிரல் அந்நேரம் பொதிகளைக் கையாள்கிறது என்று பொருள். அது முடியும்வரை காத்திருங்கள்.