கேளுங்க, சொல்றோம்: சிஎஸ்-ல (கவுண்டர் ஸ்ட்ரைக்) எந்த வீடியோ மோடு வைக்கிறது?

கேள்வி: பழைய லேப்டாப்ல விண்டோஸ் 10 புதுசா போட்டு கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6 துப்பாக்கி கேம் ஏத்துனேன். ஓபன்ஜிஎல் வச்சா "இந்த வீடியோ மோடு சப்போர்ட் ஆகாது, சாஃப்ட்வேர் மோடுல ஓடும்"னு மெசேஜ் வருது. சாஃப்ட்வேர்லயே விட்டுரலாமா, இல்ல கிராஃபிக்ஸ் கார்டு வாங்கணுமா?
– ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: கார்டா, லேப்டாப்ல அத எங்க போய் சொருகுவீங்க! முதல்ல டிவைஸ் மேனேஜர் தொறந்து டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்ல என்ன பேர் இருக்குன்னு பாருங்க, "மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்"னு இருந்தா காரணம் சிக்கிருச்சு, கிராஃபிக்ஸ் சிப்ப விண்டோஸோட பேச வைக்கிற டிரைவரே ஏறலன்னு அர்த்தம். லேப்டாப் கம்பெனி சைட்ல உங்க மாடல் நம்பர் போட்டு டிரைவர் எறக்கி போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க, பெரும்பாலும் அந்த மெசேஜ் அதோட போயிரும். கேம் 1998-ல வந்த ஹாஃப் லைஃப் கேமோட இன்ஜின்ல ஓடுறது, இன்டெல் ஆன்போர்டு கிராஃபிக்ஸே தாராளமா போதும்.

ஓபன்ஜிஎல்னா படத்த கிராஃபிக்ஸ் சிப் வரையும், சாஃப்ட்வேர் மோடுன்னா படம் மொத்தத்தையும் பிராசஸரே வரையும். அப்ப நெறைய பேர்ட்ட 3டி கார்டே கெடையாது, அவங்களுக்காக வச்சதுதான் அது. 640க்கு 480-ல ஒரு ஃப்ரேமுக்கு 3,07,200 புள்ளி, அதையே 1024க்கு 768 ஆக்குனா 7,86,432, கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு வேல, அதான் ரெசல்யூஷன் ஏத்துனதும் பழைய பிராசஸர் திணறுது. டஸ்ட் 2 மேப்ல ஒரு பெட்டிகிட்ட போய் ஒட்டி நின்னு பாருங்க, சாஃப்ட்வேர்ல கட்டம் கட்டமா தெரியும், ஓபன்ஜிஎல்ல அதே பெட்டி வழவழன்னு இருக்கும். ஆடறதுக்கு ஓபன்ஜிஎல்தான், இதுல ரெண்டாவது யோசனையே வேணாம்.

கேள்வி: நண்பன் டைரக்ட் 3டி வைக்கச் சொல்றான், எனக்கு அந்த ஆப்ஷனே காணோமே?

பதில்: நண்பர் பழைய காப்பி வச்சிருக்காரு போல. டைரக்ட் 3டி-யும் ஓபன்ஜிஎல் மாதிரி கிராஃபிக்ஸ் சிப்ப வச்சு வரையிற இன்னொரு மோடுதான், ஸ்டீம்ல (கேம் விக்கிற, அப்டேட் குடுக்கிற ஆன்லைன் கடை) 2013 அப்டேட்டோட அத தூக்கிட்டாங்க, நட்டமில்ல. அந்தக் கட்டம் கட்டமான பழைய லுக்குதான் வேணும்னா (எனக்கும் ஹாஃப் லைஃப் அப்படி ஆடத்தான் புடிக்கும்) அதுக்காக சாஃப்ட்வேருக்கு போக வேணாம், ஹாஃப் லைஃபுக்கு 2023 நவம்பர்ல வந்த 25-வது வருஷ அப்டேட்ல டெக்ஸ்சர் ஃபில்டரிங்க (கட்டத்த வழவழன்னு ஆக்குறது அதுதான்) ஆஃப் பண்ற வசதியே வீடியோ செட்டிங்ல குடுத்துட்டாங்க, ஓபன்ஜிஎல்லயே வச்சு அந்த டிக்க மட்டும் எடுத்துவிடுங்க.