பளு தூக்க ஆரம்பித்த புதிதில் பலம் கூடுகிறதா என்று எப்படிக் கணிப்பது?

பளு தூக்க ஆரம்பித்து மூன்று மாதம், பெஞ்ச் பிரஸ் (மல்லாந்து படுத்து, எடை மாட்டிய கம்பியை, அதாவது பாரை, நெஞ்சுக்கு மேலே தள்ளுவது) இரண்டு வாரமாக 50 கிலோவிலேயே நிற்கிறது, கூடவே சேர்ந்த நண்பர் 70 தூக்குகிறார், நான் முன்னேறுகிறேனா இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெறும் 50 கிலோ என்றால் ஒன்றும் தெரியாது. எத்தனை ரெப் (தொடர்ந்து எத்தனை முறை தூக்குவது), எத்தனை செட் (அப்படி எத்தனை சுற்று), நடுவில் எவ்வளவு ஓய்வு? போன வாரம் மூன்று செட்டில் 5, 5, 4 ரெப் என்று முடித்தவர் இந்த வாரம் அதே ஓய்வில் 5, 5, 5 போட்டால் பலம் கூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். முன்பு கடைசி ரெப்பில் கை நடுங்கியது, இப்போது இன்னும் இரண்டு போடலாம் போல இருக்கிறது என்றால் அதுவும் கணக்கில் வரும்.

வெவ்வேறு செட்களை ஒப்பிட எப்லி சூத்திரம் போதும். எடையை ரெப்பால் பெருக்கி, 30-ஆல் வகுத்து, வருவதை எடையோடு கூட்டுங்கள். ஒரே ஒரு முறை தூக்கக்கூடிய அதிகபட்ச எடை தோராயமாகக் கிடைக்கும். 50 கிலோவில் 6 ரெப் என்றால் 60. 55 கிலோவில் 3 ரெப் என்றால் 60.5. பார்வைக்கு 5 கிலோ ஏறியிருந்தாலும் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே 50-இல் 9 ரெப் போட்டால் கணக்கு 65-க்குப் போகிறது! பத்து ரெப்புக்கு மேல் போனால் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம். ஆரம்பத்திலேயே நிஜமான அதிகபட்சத்தைச் சோதித்துப் பார்க்கவும் தேவையில்லை.

பெஞ்ச் சீக்கிரம் நிற்பதற்கு எளிய காரணம் ஒன்று உண்டு. பல ஜிம்களில் இருப்பதிலேயே சின்ன பிளேட் (பாரில் மாட்டும் எடைத் தட்டு) 1.25 கிலோ. பக்கத்துக்கு ஒன்று போட்டால் 2.5 கிலோ ஏறும். 100 கிலோ ஸ்குவாட்டுக்கு (பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது) அது 2.5 சதவீதம், 50 கிலோ பெஞ்சுக்கு 5 சதவீதம். 30 கிலோ ஓவர்ஹெட் பிரஸ்ஸுக்கோ (தலைக்கு மேல் தூக்குவது) 8 சதவீதத்துக்கும் மேல். ஒரே வாரத்தில் அவ்வளவு பலம் கூடாததில் ஆச்சரியமில்லை. அரை கிலோ பிளேட் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் 50-ஐ வைத்துக்கொண்டே ஐந்து ரெப்பை எட்டாக்குங்கள், அப்புறம் 52.5-க்குப் போங்கள்.

முதல் சில வாரங்களில் எடை மளமளவென்று ஏறியதற்கும் காரணம் இருக்கிறது. அப்போது கூடும் பலத்தில் பெரும்பங்கு நரம்பு மண்டலத்துடையது. இருக்கிற தசையையே இன்னும் நன்றாக வேலை வாங்க உடல் பழகுகிறது. தசை வளர்ந்து கண்ணுக்குத் தெரிய அதைவிட நாளாகும். ஆகவே கண்ணாடியை வைத்துப் பலத்தை அளக்காதீர்கள். மறுநாள் வரும் உடம்பு வலியும் அளவுகோல் இல்லை. பழகாத பயிற்சி எது செய்தாலும் வலிக்கத்தான் செய்யும்.

ஃபார்மில், அதாவது தூக்கும் முறையில், மட்டும் கறாராக இருங்கள். பவர்லிஃப்டிங் போட்டியில் ஸ்குவாட் செல்லுபடியாக வேண்டுமென்றால் இடுப்பு மடிப்பு முழங்கால் உச்சிக்குக் கீழே இறங்க வேண்டும். பெஞ்சில் பார் நெஞ்சைத் தொட வேண்டும். பாதியில் நிறுத்தி 10 கிலோ கூட்டிக்கொள்வது ஜிம்மில் சகஜம், அதற்குப் பெயர் முன்னேற்றம் இல்லை. மாதம் ஒருமுறை பக்கவாட்டில் போனை வைத்து வீடியோ எடுத்துப் பாருங்கள். வெறும் பாரின் எடையும் எல்லா இடத்திலும் ஒன்று கிடையாது: 20 கிலோவும் உண்டு, 15 கிலோவும் உண்டு. மெஷின் எண்களோ ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்குப் பொருந்தவே பொருந்தாது.

நண்பரின் 70-ஐப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உடல் எடை, வயது, கை நீளம், முன்பு ஆடிய விளையாட்டு எல்லாம் அதில் அடக்கம். அவருடைய ஃபார்மும்தான், நான் பார்த்ததில்லை. யார் எவ்வளவு தூக்குகிறார்கள் என்று இணையத்தில் கிடைக்கும் பல அட்டவணைகளையும் இதே மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள். தன் எண்ணில் திருப்தி உள்ளவர்தான் பெரும்பாலும் அங்கே போய்ப் பதிவார்.

இரண்டு வாரம் என்பது தீர்ப்பு சொல்லப் போதாது. ஒரு நாள் தூக்கம் கெட்டாலே ரெப் குறையலாம். நான்கு வாரக் குறிப்பை வரிசையாக வைத்துப் பாருங்கள். எடையும் ஏறவில்லை, ரெப்பும் கூடவில்லை, தூக்குவதும் எளிதாகவில்லை என்றால் அப்போது தூக்கத்தையும் சாப்பாட்டையும் முதலில் சரிபாருங்கள், பிறகு பயிற்சித் திட்டத்தை மாற்றலாம். நடுவே உடல் எடையைக் குறைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால் கதை வேறு: உடம்பில் 4 கிலோ குறைந்தும் பெஞ்ச் 50-லேயே நின்றால் அது நல்ல செய்தி.