லாக் கோப்பில் நிறக் குறியீடுகள் வந்து விழுகின்றன: பதில்

வணக்கம். உங்கள் பைத்தான் ஸ்கிரிப்ட் டெர்மினலில் சிவப்பும் பச்சையுமாகச் சரியாகத் தெரிகிறது, லாக் கோப்புக்குத் திருப்பினால் மட்டும் வரிக்கு வரி சதுர அடைப்புக்குறி, 31, ஒரு 'எம்' என்று குப்பை சேர்கிறது என்கிறீர்கள்.

கோப்பில் கோளாறு இல்லை. நிறம் என்பதே அந்த எழுத்துகள்தான். எஸ்கேப் எழுத்தோடு தொடங்கும் அந்தத் தொடரை டெர்மினல் நிறக் கட்டளையாக எடுத்துக்கொண்டு திரையில் காட்டாமல் விட்டுவிடும். கோப்போ வந்ததை அப்படியே சேமிக்கும்.

ஆகவே நிறம் சேர்க்கும் முன், எஸ்டிடிஅவுட் (stdout, ஸ்கிரிப்டின் வழக்கமான வெளியீடு போகும் வழி) உண்மையிலேயே டெர்மினலா என்று 'இஸ்ஏடிடிஒய்' (isatty) ஃபங்ஷன் மூலம் கேளுங்கள். இல்லை என்றால் வெறும் எழுத்தை மட்டும் அனுப்புங்கள். பிழைச் செய்திகள் அவற்றுக்கென்றே உள்ள தனி வழியான எஸ்டிடிஎர்ரில் (stderr) போனால் அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும். ஒன்று கோப்புக்குப் போகும்போது மற்றது திரையிலேயே இருக்கலாம், பலரும் கோட்டை விடும் இடம் இது. 'நோ கலர்' (NO_COLOR) சூழல் மாறியில் ஏதாவது மதிப்பு இருந்தால் அதையும் மதியுங்கள், நிறம் வேண்டாம் என்பவர்கள் வைப்பது அது.

அப்புறம், ஒவ்வொரு நிறச் சொல்லுக்குப் பின்னும் நிறத்தை நிறுத்தும் 0 குறியீட்டைப் போடுங்கள். விட்டால் அடுத்து வரும் வரிகளும் சிவப்பாகிவிடும். சிவப்பு, பச்சை வித்தியாசம் தெரியாதவர்களும் இருக்கிறார்கள், அதனால் 'பிழை' என்ற சொல்லையும் தயவுசெய்து எழுதுங்கள்.

ஏற்கெனவே குப்பை விழுந்த லாக்கை அழிக்க வேண்டாம். டெர்மினலில் கோப்பைப் படிக்க உதவும் 'லெஸ்' கட்டளைக்குப் பெரிய 'ஆர்' ஆப்ஷன் (less -R) கொடுத்துத் திறந்தால் நிறத்தோடே படிக்கலாம்.