இன்டர்கல்ச்சுரல் கம்யூனிகேஷன் பல்கலைக்கழகத்தில் எடுத்துப் படிக்கலாமா?

நாகர்கோவிலில் பி.ஏ. ஆங்கிலம் கடைசி வருடம் படிப்பதாகவும், முதுகலைக்கு இன்டர்கல்ச்சுரல் கம்யூனிகேஷன் எடுக்கலாமா, அதில் என்னதான் சொல்லித் தருவார்கள், வேலை கிடைக்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாக எடுக்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பி எடுக்க வேண்டாம், கூடவே ஒரு மொழியோ ஒரு தொழிலோ கையில் இருக்கட்டும். நான் மார்த்தாண்டம் பக்கத்துக்காரி. ஜெர்மனியில் இதே துறையில் முதுகலை முடித்தேன். இப்போது நர்ஸ் வேலைக்கு அங்கே போகும் பிள்ளைகளுக்கு மொழியும் இந்தப் பாடமும் நடத்துகிறேன்.

ஜப்பான்காரருக்கு எப்படி வணக்கம் சொல்வது, ஜெர்மன்காரர் வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது என்று கற்றுக்கொடுக்கும் படிப்பு இது என்று பலரும் நினைக்கிறார்கள். அதற்கு ஒருநாள் பயிற்சி வகுப்பு போதும். வேறு வேறு பண்பாட்டில் வளர்ந்தவர்கள் பேசிப் பழகும்போது என்ன நடக்கிறது என்று ஆராய்வதுதான் இந்தப் படிப்பு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க வெளியுறவுத் துறை, வெளிநாடு செல்லும் தன் அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுத்தது. அங்கே பாடம் எடுத்தவர்களில் ஒருவர் எட்வர்ட் ஹால் என்ற மானிடவியலாளர். ஆட்கள் எவ்வளவு தள்ளி நின்று பேசுகிறார்கள், எவ்வளவு நேரம் காக்க வைக்கிறார்கள், எதைச் சொல்லாமலே புரியவைக்கிறார்கள் என்று பேச்சுக்கு வெளியே நடப்பதையெல்லாம் கவனிக்கச் சொன்னவர். 1959-இல் வந்த அவருடைய நூலிலிருந்துதான் இந்தத் துறையின் கதையைப் பெரும்பாலும் தொடங்குவார்கள்.

அடுத்து ஹோஃப்ஸ்டெட் என்ற நெதர்லாந்து ஆய்வாளர். எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போனாலும் இவரைத் தாண்டாமல் வர முடியாது. 1967 முதல் 1973 வரை பல நாடுகளில் இருந்த ஐபிஎம் கணினி நிறுவன ஊழியர்களிடம் வாங்கிய ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேள்வித்தாள்களை வைத்து, நாடு நாடாக மதிப்பெண் போட்டவர். அதிகார ஏற்றத்தாழ்வை எந்த அளவுக்கு இயல்பாக எடுத்துக்கொள்கிறார்கள் என்பதில் இந்தியாவுக்கு 77, அதாவது உயர்ந்த மதிப்பெண். தேர்வுக்கு நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு மனிதரைப் புரிந்துகொள்ள அந்த எண்ணைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். தூத்தூர் ஆழ்கடல் மீனவரையோ பேச்சிப்பாறை ரப்பர் தோட்டத் தொழிலாளியையோ யாரும் அதில் கேட்கவில்லை. நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த பகுதி. 2011 கணக்கெடுப்பின்படி இந்துக்கள் ஏறக்குறைய 49 சதவீதம், கிறித்தவர்கள் 47 சதவீதம். விளவங்கோடு பக்கம் மலையாளம் வீட்டுமொழி ஆன குடும்பங்கள் எத்தனையோ. இதையெல்லாம் ஒரு எண்ணுக்குள் எப்படி அடக்குவது?

எனக்கு இந்தப் படிப்பின் அருமை தெரிந்தது களப்பணியில்தான். செமஸ்டர் விடுமுறைக்கு ஊருக்கு வந்தபோது ஓணம் நெருங்கிக்கொண்டிருந்தது. தோவாளை பூச்சந்தையில் உட்கார்ந்து பேச்சைக் கவனித்துக் குறிப்பு எடுத்தேன். விடியுமுன்னே கேரளத்திலிருந்து வண்டிகள் வந்து நிற்கும். கிரேந்தியும் வாடாமல்லியும் மூட்டை மூட்டையாக ஏறும். நம்மூர் வியாபாரி ஒருவர் விலை பேசும்போது மலையாளத்துக்கு மாறினார். வாங்க வந்தவரும் சும்மா இருக்கவில்லை, அவருக்குத் தெரிந்த தமிழில் பதில் சொன்னார். இரண்டு பேரும் எதிராளியின் மொழிக்குப் போய், நடுவில் எங்கேயோ சந்தித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் எடையில் தகராறு. தராசில் கை வைத்த அடுத்த நொடி, நம்மவர் சுத்தமான தோவாளைத் தமிழுக்குத் திரும்பிவிட்டார், அவர் மலையாளத்துக்கு. எடை சரியானதும் மறுபடி பழைய கலவைப் பேச்சு. ஹவர்ட் கைல்ஸ் என்ற சமூக உளவியலாளர் 1970-களில் சொன்னது இதைத்தான். ஒருவரோடு நெருங்க நினைத்தால் நம் பேச்சை அவர் பேச்சின் பக்கம் நகர்த்துகிறோம், விலக நினைத்தால் நம் பக்கமே இழுத்து வைத்துக்கொள்கிறோம். சின்ன வயதிலிருந்து பார்த்த சந்தைதான், ஆனால் அன்றைக்குத்தான் அதற்குள் இப்படி ஓர் ஒழுங்கு இருப்பது எனக்குத் தெரிந்தது.

இப்போதைய என் வேலையில் தினமும் கைகொடுப்பது வேறொரு பயிற்சி. நடந்த ஒன்றை மூன்றாகப் பிரிக்க வேண்டும்: கண்ணால் கண்டது என்ன, அதற்கு நான் கொடுத்த அர்த்தம் என்ன, அதன்மேல் என் தீர்ப்பு என்ன. என்னிடம் படித்துவிட்டு ஜெர்மனிக்குப் போன ஒரு பெண் போனில் அழுதாள். "அக்கா, இதுக்காக்கும் நான் நாலு வருசம் படிச்சது? காலையில போன உடனே ஆளுகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டச் சொல்லுகாங்க. ஊசி போட விடமாட்டேங்காங்க. கறுப்பா இருக்கதுனாலதான்."

பிரித்துப் பார்த்தோம். கண்டது: குளிப்பாட்டச் சொன்னார்கள், நரம்பில் ஊசி போடுவதை டாக்டரே செய்தார். அர்த்தம்: என் படிப்புக்கு மதிப்பில்லை. தீர்ப்பு: இவர்கள் நிறவெறியர்கள். நம்மூர் ஆஸ்பத்திரியில் நோயாளியைத் துடைத்துவிடுவதும் கஞ்சி கொடுப்பதும் கூட இருக்கும் சொந்தக்காரர் வேலை. அதை நர்ஸிடம் சொன்னால் இறக்கிவிட்டதாகத்தான் தோன்றும். அங்கே அது நர்ஸின் தொழிலுக்குள்ளேயே வருவது. துடைக்கும்போதுதான் படுக்கைப் புண் வருகிறதா, மூச்சு எப்படி இருக்கிறது, ஆள் தெளிவாகப் பேசுகிறாரா என்று பார்க்கிறார்கள். இவள் முகம் சுளித்ததைப் பார்த்த வார்டு சகாக்கள், வேலைக்கு வளையாதவள் என்று முடிவு கட்டியிருந்தார்கள். நிறவெறி அங்கே இல்லவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன், இருக்கிறது. ஆனால் இப்படிப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவளால்தான் நிஜமான அவமதிப்பு வரும்போது இது அதுதான் என்று தெளிவாகச் சொல்லிப் புகார் கொடுக்கவும் முடியும்.

இந்தத் துறைமேல் எனக்கு ஒரு மனத்தாங்கலும் உண்டு. அனுசரித்துப் போகும் பயிற்சி எப்போதும் போகிறவளுக்குத்தான். அவளை வேலைக்கு எடுக்கும் வார்டுக்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. அதிகாரம் யார் கையில் என்று கேட்காத பாடத்திட்டம் என்றால் அதில் சேராதீர்கள். பழகினாலே எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் பாடத்தையும் நம்ப வேண்டாம். ஒரே சந்தையில் வாங்கி விற்று, ஒரே தமிழ் பேசிய இந்துக்களுக்கும் கிறித்தவர்களுக்கும் இடையில்தான் 1982 மார்ச்சில் மண்டைக்காடு கலவரம் நடந்தது. பழக்கம் வெறுப்பைக் குறைக்க வேண்டுமானால் என்னென்ன வேண்டும் என்று கோர்டன் ஆல்போர்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1954-லேயே நிபந்தனைகள் சொன்னார்: பழகும் இடத்தில் இரு தரப்பும் சமமாக இருக்க வேண்டும், பொதுவான குறிக்கோள் வேண்டும், அதற்காகச் சேர்ந்து உழைக்க வேண்டும், சட்டமோ நிறுவனமோ அதற்குப் பின்னால் நிற்க வேண்டும். குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் இந்தப் பகுதியை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சரி, நடைமுறைக்கு வருகிறேன். இந்தியாவில் இதற்கென்று தனிப் பட்டப்படிப்பு அபூர்வம். தொடர்பியல், ஆங்கிலம், மொழியியல், எம்.பி.ஏ. இவற்றுக்குள் ஒரு தாளாக வரும். வெளிநாட்டில் என்றால் பின்லாந்தின் யுவாஸ்கிலா, ஜெர்மனியின் மியூனிக் எல்எம்யு போன்ற பல்கலைக்கழகங்களைப் பாருங்கள். பின்லாந்தில் நம்மைப் போன்றவர்களுக்கு 2017 முதல் கல்விக் கட்டணம் உண்டு. ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கட்டணம் இல்லை, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1500 யூரோ என்பது போன்ற விலக்குகள் இருக்கின்றன. கட்டணம் இல்லையே என்று ஏமாந்துவிடாதீர்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவைக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரில் அது 11,904 யூரோ ஆனது. அத்தோடு நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக் கொடுக்கும் ஏபிஎஸ் சான்றிதழும் வேண்டும்.

இந்தப் படிப்பின் பெயரைப் போட்டு வேலை விளம்பரம் வராது. எச்.ஆர்., பல்கலைக்கழகங்களின் வெளிநாட்டு மாணவர் அலுவலகம், குடியேறியவர்களுக்கு உதவும் அமைப்புகள், மருத்துவமனைகளில் புதிதாக வருபவர்களைப் பழக்கும் பிரிவு, மொழிபெயர்ப்பு, மொழி வகுப்பு, இங்கெல்லாம்தான் என்னோடு படித்தவர்கள் இருக்கிறார்கள். உள்ளூர் மொழி சரளமாக வந்தவர்களுக்கு வேலை சீக்கிரம் கிடைத்தது, ஆங்கிலத்தை மட்டும் வைத்திருந்தவர்கள் ரொம்பவே கஷ்டப்பட்டார்கள். அதனால் ஜெர்மனிதான் என்று முடிவு செய்தால், பி.ஏ. முடிவதற்குள் ஜெர்மன் மொழியின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 முடித்துவிடுங்கள். அதற்கு ஒரு வருடம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை, விண்ணப்பத்தை அடுத்த வருடம் போட்டுக்கொள்ளலாம்.