புதிய பட வடிவங்களும் பழைய உலாவிகளும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: தளத்தின் படங்களை வெப்பி (WebP) என்ற புதிய பட வடிவத்துக்கு மாற்றிவிட்டு, ஜேபெக் கோப்புகளை அழித்துவிடலாமா?

பதில்: மாற்றலாம், அழிக்க வேண்டாம். கூகுள் 2010-இல் அறிவித்த வெப்பி, 2019 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் 65-க்கும் 2020 செப்டம்பரில் சஃபாரி 14-க்கும் வந்துவிட்டதால், இன்றைய உலாவிகளில் அது தடையின்றித் தெரியும். ஆனால், தரத்தைச் சற்று விட்டுக்கொடுத்துச் சுருக்கிய படத்திலிருந்து நாளை வேறொரு வடிவத்தை உருவாக்கினால் இழப்பின்மேல் இழப்பு சேரும். மூலப் படம் கையில் இருக்கட்டும்.

கேள்வி: ஐஃபோன் 6 வைத்திருக்கும் வாசகர் ஒருவருக்கு எங்கள் படங்கள் தெரிவதில்லை. குரோம் நிறுவியும் பயனில்லையே?

பதில்: அந்தக் கைபேசி ஐஃபோன் இயங்குதளமான ஐஓஎஸின் 12-ஆம் பதிப்புடன் நின்றுவிட்டது, வெப்பி ஐஓஎஸ் 14-இல்தான் வந்தது. அதில் நிறுவப்படும் குரோமும் உள்ளே பக்கங்களைத் திரையில் காட்ட ஆப்பிளின் வெப்கிட் பொறியையே பயன்படுத்துவதால், உலாவியை மாற்றுவதால் எதுவும் மாறாது. இதே காரணத்தால், ஐஓஎஸ் 15-உடன் நின்ற ஐஃபோன் 7-இல் வெப்பி தெரியும், அதற்குப் பின் வந்த ஏவிஐஎஃப் (AVIF) என்ற பட வடிவம் தெரியாது. புதிய கைபேசி வாங்க இயலாதவரும் நம் வாசகரே என்பதால், ஜேபெக் பிரதியையும் வழங்குவதை நான் கடமையாகவே கருதுகிறேன்.

கேள்வி: ஒரே படத்தைப் பல வடிவங்களில் தர உதவும் பிக்சர் (picture) என்ற எச்டிஎம்எல் குறிச்சொல்லில் ஏவிஐஎஃப், வெப்பி, ஜேபெக் என வரிசையாகக் கொடுத்தும், புதிய குரோமில் சில படங்கள் உடைந்து தெரிவது ஏன்?

பதில்: பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் இடம் இது. உலாவி கோப்புகளை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்து, திறக்காததை ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குச் செல்வதில்லை. ஒவ்வொரு வடிவத்தின் கோப்பையும் சுட்டும் சோர்ஸ் (source) வரிகளை மேலிருந்து படித்து, டைப் (type) பண்பில் குறித்த வடிவம் தனக்குத் தெரிந்ததாக இருந்தால், அந்த முதல் வரியையே தேர்ந்தெடுத்து, அதன்பிறகே கோப்பைக் கேட்கிறது. குரோம் 85 முதல் ஏவிஐஎஃப் தெரியும் என்பதால் அது அந்த வரியில் நின்றுவிடும். அங்கே கோப்பு இல்லாவிட்டாலோ சிதைந்திருந்தாலோ ஜேபெக் துணைக்கு வராது. ஏவிஐஎஃப் தெரியாத பழைய உலாவிகள் அந்த வரியைத் தாண்டி அடுத்ததற்குச் செல்வதால், அவற்றில் படம் சரியாகத் தெரியும். ஆகவே, ஏவிஐஎஃப் கோப்புகள் அனைத்தும் வழங்கியில் (சர்வரில்) உண்மையிலேயே உள்ளனவா என்று முதலில் பாருங்கள். டைப் பண்பை எந்த வரியிலும் விட்டுவிடாதீர்கள். அது இல்லையெனில் பழைய உலாவியும் முதல் வரியையே எடுத்துக்கொண்டு ஏமாறும்.

கேள்வி: ஜேபெக் எக்ஸ்எல்லுக்கு இப்போதே மாறலாமா?

பதில்: பழைய ஜேபெக் படங்களை இழப்பின்றி ஏறத்தாழ 20 விழுக்காடு சுருக்கும் அருமையான வடிவம் அது. ஆயினும் 2023-இல் சஃபாரி 17 அதை ஏற்றபோது, குரோம் தன் சோதனை ஆதரவை 110-ஆம் பதிப்பிலேயே நீக்கியிருந்தது. கூடுதல் சோர்ஸ் வரியாகச் சேர்க்கலாம். அதை மட்டும் நம்பித் தளம் நடத்த முடியாது.