நானோ ப்ராஜெக்ட்: எடுக்கட்டும், கேள்வியை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்

வணக்கம் அம்மா. மெக்கானிக்கல் இறுதியாண்டு போகும் உங்கள் மகன், புங்கம் விதை எண்ணெயில் செய்த பயோடீசல் கலந்த டீசலில், நன்றாக எரியட்டும் என்று சீரியம் ஆக்சைடு என்ற உலோக ஆக்சைடின் மிக நுண்ணிய (நானோ) தூள் போட்டு இன்ஜின் ஓட்டப் போகிறான். "டீசலே ஒழியப் போகுது, இதைப் படிச்சு என்ன வேலை?" என்று உங்கள் தம்பி பயமுறுத்துகிறார். எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

எடுக்கட்டும். ஒரே ஒரு கண்டிஷன்.

இந்தத் தலைப்பில் நம் கல்லூரிகளில் வருஷா வருஷம் ப்ராஜெக்ட் வருகிறது. தெர்மல் எஃபிஷியன்சி (எரிபொருளின் வெப்பத்தில் எவ்வளவு வேலையாக மாறுகிறது என்ற அளவு) கூடியதா, புகை குறைந்ததா என்றுதான் பெரும்பாலும் அளக்கிறார்கள். போட்ட தூள் எங்கே போனது என்று கேட்பவர்கள் குறைவு. அவன் அதைக் கேட்கட்டும்.

கொதிக்கிற உலையில் கேப்பை மாவை அப்படியே கொட்டினால் கட்டி தட்டும் அல்லவா? நானோ தூளும் அப்படித்தான். தனித் துகள் 50 நானோமீட்டர் என்றால், சில மைக்ரான் (ஒரு மைக்ரான் 1,000 நானோமீட்டர்) கண் உள்ள டீசல் ஃபில்டரில் நழுவிப் போய்விட வேண்டும். எல்லாம் போகாது, ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டது ஃபில்டரை அடைக்கும். அல்ட்ராசானிக் (ஒலி அதிர்வால் கலக்கும்) கருவியில் வைத்து, துகள் ஒட்டாமல் தடுக்கும் சர்ஃபாக்டன்ட் ஊற்றிக் கலக்கினாலும் நாளாக நாளாக அடியில் படியும்.

லிட்டருக்கு 50 மில்லிகிராம் தானே என்று அலட்சியமாக இருப்பான். கணக்குப் போடச் சொல்லுங்கள். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் லாரி 20,000 கிலோமீட்டர் ஓட 5,000 லிட்டர் வேண்டும். அதற்குள் கால் கிலோ தூள் அந்த ஃபில்டர் வழியாகப் போயாக வேண்டும்! பத்தில் ஒரு பங்கு தங்கினாலே 25 கிராம். அதையும் தாண்டியது புகைக்குழாய் ஃபில்டரில் சாம்பலாகத் தங்கும். கரி எரியும், சீரியம் எரியாது.

ஃபில்டர் அடைத்தால் பழி முழுக்கத் தூளுக்கே என்றும் சொல்ல முடியாது. 2005 செப்டம்பரில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம் டீசலில் 2 சதவீதம் பயோடீசலைக் கட்டாயமாக்கியது. குளிர் வந்ததும் லாரி ஃபில்டர்கள் அடைத்துக்கொள்ள, உத்தரவைச் சில காலம் நிறுத்தி வைத்தார்கள். நானோ தூள் எதுவும் இல்லாமலே இது நடந்தது. ஆகவே வெறும் டீசல், 20 சதவீத பயோடீசல் கலவை, தூள் போட்ட அதே கலவை என்று மூன்று சாம்பிள் வேண்டும். ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் டி2068 என்றொரு சோதனை இருக்கிறது: நிமிடத்துக்கு 20 மில்லி வீதம் 300 மில்லி எரிபொருளை 1.6 மைக்ரான் ஃபில்டரில் தள்ளி, அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். முறைப்படியான கருவி கல்லூரியில் இல்லாவிட்டால் சின்ன பம்ப்பும் பிரஷர் கேஜும் வைத்து ஒப்பிட்டாவது பார்க்கலாம்.

இதைச் செய்தவன் எண்ணெய் நிறுவன லேப், ஃபில்டர் தயாரிப்பு, லூப்ரிகன்ட், கூலன்ட் என எங்கும் பேச விஷயம் வைத்திருப்பான். டீசல் போனாலும் வடிகட்டும் வேலை போகாது. உங்கள் தம்பியிடம் சொல்லுங்கள். மேலே படிக்க ஆசை வந்தால் டேராடூனில் இந்தியப் பெட்ரோலிய நிறுவனம், புனேயில் ஏஆர்ஏஐ என்ற வாகன ஆராய்ச்சி நிறுவனம் இருக்கின்றன.

ப்ராஜெக்ட் சென்டரில் காசு கொடுத்து வாங்கும் எண்ணம் இருந்தால் மட்டும் இந்தத் தலைப்பே வேண்டாம். இரண்டாவது கேள்வியில் மாட்டிக்கொள்வான்.

தூளை எடுக்கும்போது மாஸ்க், கையுறை போடச் சொல்லுங்கள். முதல் கலவையைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி ஒரு வாரம் அசைக்காமல் வைத்து, அடியில் படிந்ததை தினமும் போட்டோ எடுக்கட்டும். அடுத்த முறை வரும்போது அந்த ஏழு படங்களையும் கொண்டு வாருங்கள்.