அடம்பிடிக்கும் புல்வெட்டி

கேள்வி: பெட்ரோல் புல்வெட்டி மெஷினை மழைக்காலம் முழுக்க ஷெட்டில் போட்டு வைத்திருந்தோம். இப்போது கயிற்றை இழுத்தால் ஸ்டார்ட் ஆகி, இரண்டு விநாடியில் நின்றுவிடுகிறது. புது பிளக் போட்டும் அதே கதைதான். இன்ஜினைப் பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக்.
– வாசகர், கோத்தகிரி

பதில்: இன்ஜினில் கை வைக்க விடாதீர்கள். இரண்டு விநாடி ஓடுகிறது என்றாலே பிளக்கில் பொறி வருகிறது, கம்ப்ரஷனும் (சிலிண்டருக்குள் அழுத்தம்) இருக்கிறது. பெட்ரோல்தான் போய்ச் சேரவில்லை. ஐந்தாறு இழுப்புக்குப் பிறகு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை காய்ந்திருந்தால், பிளக் இருந்த துளையில் அரை டீஸ்பூன் பெட்ரோல் விட்டு, பிளக்கை மாட்டி இழுங்கள். அந்தப் பெட்ரோல் தீரும்வரை ஓடி நின்றால் கோளாறு கார்ப்பரேட்டரில்.

முதலில் பிளக் வயரை உருவி ஒதுக்கி வையுங்கள். பெட்ரோல் குழாயைக் கிளிப்பால் நெருக்கிவிட்டு, கார்ப்பரேட்டரின் அடியில் தொங்கும் கிண்ணத்தின் போல்ட்டைக் கழற்றுங்கள். பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் போதும். கிண்ணத்தில் பழுப்பு நிறப் பிசினோ, அடியில் தண்ணீர்க் குமிழோ கிடக்கும். நடுக்குழாய்க்குள் இருக்கும் பித்தளைத் திருகுதான் மெயின் ஜெட்; பெட்ரோலை அளந்து விடும் துளை இதில்தான் இருக்கிறது. சில மாடல்களில் அந்த அடி போல்ட்டே ஜெட். அதன் பக்கவாட்டுத் துளைகளையும் பார்க்க வேண்டும். கார்ப்பரேட்டர் கிளீனர் அடித்து, மின்வயரிலிருந்து ஒற்றைச் செம்பு இழையை உருவித் துளையில் விட்டு எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்தால் துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். ஊசி, இரும்புக் கம்பி வேண்டாம். துளை ஒரு நூல் பெரிதானாலும் பெட்ரோல் அதிகமாகிக் கறுப்புப் புகை கக்கும். கிண்ணத்தின் ரப்பர் வளையத்தில் கிளீனர் படக்கூடாது. ஊதிப் பெருத்தால் திரும்ப உட்காராது.

இதன்பின் ஓடினாலும் வேகம் ஏறி இறங்கி ஊசலாடினால், ஐடில் துவாரத்தில் (மெதுவாக ஓடும்போது பெட்ரோல் வரும் சிறு வழி) அடைப்பு மிச்சம் இருக்கிறது. பத்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு நின்றால் டேங்க் மூடியின் காற்றுத் துளையைப் பாருங்கள். மூடியைத் தளர்த்தியதும் ஓடினால் அதுதான் காரணம். கார்ப்பரேட்டரையே மாற்றச் சொல்பவர்கள் இதைப் பார்ப்பதில்லை.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கிறது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும்; நீலகிரி மழையில் கேட்கவே வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள்.

கேள்வி: பிளேடு கல்லில் மோதியது. அதிலிருந்து ஸ்டார்டர் கயிறு கையைப் பின்னால் வெடுக்கென்று இழுக்கிறது. ஸ்டார்ட்டும் ஆகவில்லை.
– வாசகர், ஓசூர்

பதில்: ஃப்ளைவீலை (இன்ஜினின் கனச் சக்கரம்) இன்ஜின் தண்டோடு பூட்டும் கீ வெட்டுப்பட்டிருக்கும். பல மாடல்களில் அது மென்மையான உலோகத் துண்டு. மோதும்போது அது நசுங்குவதால் பொறி விழும் நேரம் தவறிவிடுகிறது. மேல்மூடியையும் ஃப்ளைவீல் நட்டையும் கழற்றினாலே தெரியும்: தண்டின் வெட்டும் ஃப்ளைவீலின் வெட்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். விலகியிருந்தால் அதே மாடலுக்கான கீயை வாங்கிப் போடுங்கள். லேத்தில் இரும்புக் கீ செய்து மாட்டினால் அடுத்த கல்லுக்குத் தண்டே வளையும். இப்போதே வளைந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள்: பிளக்கைக் கழற்றிவிட்டு மெஷினைச் சாய்த்து, பிளேடைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். நடு போல்ட் ஒரே இடத்தில் நின்று சுழல வேண்டும். தள்ளாடினால் தண்டு வளைந்துவிட்டது, ஓட்டாதீர்கள்.

சாய்க்கும்போது ஏர் ஃபில்டர் பக்கம் மேலே இருக்கட்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஃபில்டருக்குள் இறங்கி, வெள்ளைப் புகை மண்டும்.

கேள்வி: வெட்டிய மறுநாள் புல் நுனியெல்லாம் வெளுத்துவிடுகிறது. உரம் போடலாமா?
– வாசகர், கோவை

பதில்: உரம் வேண்டாம், பிளேடைத் தீட்டுங்கள். மழுங்கிய பிளேடு புல்லை வெட்டாமல் கிழிக்கும். கிழிந்த நுனி காய்ந்து வெளுக்கும். பழைய சரிவு மாறாமல், சுமார் 30 டிகிரியில், தட்டை அரத்தால் இரு முனைகளையும் ஒரே அளவு ராவுங்கள். சவரக் கத்தி போல் கூராக்கினால் முதல் கூழாங்கல்லிலேயே பல் விழும். பிறகு நடுத்துளையை ஆணியில் மாட்டிப் பாருங்கள்; எந்தப் பக்கம் சாய்கிறதோ, அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் ராவ வேண்டும். திரும்ப மாட்டும்போது பிளேடின் வளைந்த சிறகு மேல்நோக்கி, மெஷின் பக்கம் இருக்க வேண்டும்.